ஒரு 'டா'வுக்கு விழுந்த கும்பிடு

எனக்குச் சாமி வந்ததாக எங்கள் அடுக்குமாடியில் இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. மின்தூக்கியில் என்னைப் பார்த்தால் சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஓர் அம்மா எலுமிச்சம்பழத்தோடு கதவைத் தட்டி, மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று குறி கேட்டார். பழத்தை வாங்கி ஊறுகாய் போட்டேன். பாலத்துக்கு அந்தப்பக்கம், பிறை ஊரில் எங்கள் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், போய்க் கேட்கச் சொல்லுங்கள் என்றேன். பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதையும் சாமி கணக்கில் சேர்த்துவிட்டார்கள், நான் என்ன செய்ய!

வரவில்லை. என்மேல் எந்தச் சாமியும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பிறகு கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும்.

என் வீட்டுக்காரர் கொள்கலன் லாரி ஓட்டுபவர். வார நாளில் பொழுது முழுக்கப் பிறையில், பாலத்தில், துறைமுகத்தில் கிடந்துவிட்டு இருட்டும் நேரத்தில்தான் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், பெரிய சாக்கடையை ஒட்டி, அரசமரத்தடியில் தகரக் கூரை போட்ட முனீஸ்வரர் கோயிலில் இருப்பார். அங்கே முனி இறங்குவது அவர்மேல்தான். அரிவாள்மேல் ஏறி நிற்பார், சுருட்டுப் பிடிப்பார், கறுப்பு பீரை அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். கையில் தும்புக் கயிற்றைத் திரித்து மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்த சாட்டை. ஜனங்கள் வரிசையில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நீட்டுவார்கள். மணிக்கட்டில் ஓர் அடி விழும். பாவம் கழிந்தது என்று திருநீறு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், கேட்டு வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள்.

எனக்குக் கேட்காமலே கிடைத்தது, அதுவும் வீட்டில். கையில் எது இருக்கிறதோ அதனால் அடிப்பார். இடுப்பு வார், சோற்றுப் பானை மூடி, ஒருமுறை மோட்டார் ஹெல்மெட். ஹெல்மெட் காதுக்கு மேல் பட்டு, இப்போதும் அந்தப் பக்கத்திலிருந்து பேசினால் சரியாகக் கேட்காது. மீன் குழம்பில் புளி தூக்கலாக இருந்ததற்குக் கன்னம். மேலதிக நேர வேலை முடிந்து தொழிற்சாலை பஸ் தாமதமாக வந்ததற்கு வயிறு. காரணத்தை யோசித்து யோசித்துத் திருந்தப் பார்த்தவள் நான், முட்டாள்! காரணம் என்று ஒன்று இருந்தால்தானே திருந்துவதற்கு.

கல்யாணமான புதிதில் ஒருதரம் சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். அப்படிக் கிடப்பதற்கு எனக்குக் காரணம் இருந்தது. அவருக்கு அது பேயாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்து ஓட்டினார்கள். ஓட்டுவது என்றால் இப்படி: தலையில் தண்ணீரை ஊற்றி, முடியை அவிழ்த்துவிட்டு, முனி சாட்டையால் அடித்துக்கொண்டே "யார் நீ, பேரைச் சொல்லு" என்று கேட்கும். பேய் தன் பெயரைச் சொல்கிற வரைக்கும் அடி. பிறகு உச்சி முடியில் ஒரு கொத்தை மரத்தில் ஆணியடித்து அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும், நாம் வீட்டுக்குப் போகலாம். எனக்குப் பேய் இல்லை, எந்தப் பெயரைச் சொல்வேன்? முதுகுத் தோல் உரிந்த பிறகு, சின்ன வயதில் எங்கள் தெருவில் தூக்கு மாட்டிக்கொண்ட ஓர் அக்காவின் பெயர் வாய்க்கு வந்தது, சொன்னேன். அடி நின்றது. உறுமி நின்றது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அன்று திருநீறு பூசும்போது பூசாரி என்னிடம், "பயபக்தியா இரும்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். நல்ல மனிதர்தான், பாதி நாள் ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பயபக்தி! நம் பாஷையில் இந்த இரண்டையும் ஒட்டித்தானே வைத்திருக்கிறார்கள். பக்திக்கு முன்னால் பயம் வந்து நிற்கிறது, அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். எனக்குப் பயம் நிறைய இருந்தது. அதனால் பக்தியும் நிறைய இருப்பதாக நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன், விளக்கு ஏற்றினேன், படிக்கட்டில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டால் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே தட்டைக் கழுவினேன். அதற்குப் பெயர் ஆன்மிகம் என்று யாராவது கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன்.

என் மகள் பதினாறு வயதில், படிவம் நாலு படித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் சாயங்காலம், என்ன காரணமோ, அவர் என் முடியைப் பிடித்து அடுப்படிச் சுவரில் தலையை மோதினார். இரண்டாம் முறை மோத இழுத்தபோது அவள் அறையிலிருந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். பள்ளிச் சீருடையோடு நின்றாள். கத்தவில்லை, அழவில்லை. அப்பாவின் கண்ணைப் பார்த்தாள், அவ்வளவுதான். பார்வையை எடுக்கவே இல்லை.

அவர் கை இறங்கிவிட்டது. அடித்து ஓய்ந்து இறங்கிய கை இல்லை, தானாக இறங்கிய கை. எத்தனையோ வருஷம் நான் கும்பிட்டுக் கெஞ்சி நடக்காதது இவள் பார்த்ததிலேயே நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவர் மெதுவாகப் பின்வாங்கி நாற்காலியில் உட்கார்ந்து, "புள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்கு" என்றார்.

"என்னங்க சொல்றீங்க, அவ சின்னப் புள்ளைங்க" என்றேன்.

"கண்ணப் பாத்தியா? பொட்டப்புள்ள பெத்த அப்பன அப்படிப் பாக்குமா? உள்ள இருந்து வேற என்னமோ பாக்குது. ஞாயித்துக்கிழம ஓட்டிருவோம்."

என் மகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் பொய் சொல்லமாட்டாள். பக்தியினால் இல்லை, பிடிவாதத்தினால். சின்னதில் கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு, "நான்தான் உடைச்சேன், அடிங்க" என்று துடைப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள். அவளிடம் போய்ப் பேயின் பெயரைக் கேட்டால் எங்கே சொல்வாள்? சொல்லாவிட்டால் அடி நிற்காது. என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு முழுசாகத் தெரிந்திருந்தது. அந்த வாரம் தொழிற்சாலையில் என் வரிசையில் போன மின்சுற்றுப் பலகைகளில் எதை ஒட்டினேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாது. ராத்திரி அவளிடம், "ஏதாவது ஒரு பேரச் சொல்லிருடி, வாய்க்கு வந்தத" என்று கெஞ்சினேன். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லியேம்மா" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். என் அலறலைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து வருஷக்கணக்காகக் கேட்டவர் அவர். "பாலிக் புலாவ் ஊர்ல என் தங்கச்சி இருக்கா. சனிக்கிழம காலையில புள்ளையத் தூக்கிட்டுப் போயிரு லா, என்ன யோசன?" என்றார். சனிக்கிழமை விடிந்ததும் நானும் மகளும் ஒரு பையோடு கீழே இறங்கினோம். கார் நிறுத்துமிடத்தில் என் மோட்டார் சைக்கிள்மேல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புகையை விட்டார். நாங்கள் திரும்பி மேலே ஏறிவிட்டோம்.

ஞாயிறு உச்சிவேளை. தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. உறுமி முழங்க, முனி இறங்கியாயிற்று, அரிவாளிலிருந்து தரைக்கு வந்தாயிற்று. என் மகளை மரத்தடியில் நிறுத்தித் தண்ணீரை ஊற்றினார்கள். என்னைப் பெண்கள் வரிசையில் இரண்டு பேர் தோளைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள், அன்பாகத்தான்.

"யார் நீ? பேரச் சொல்லு!"

அவள் தன் பெயரைச் சொன்னாள். சாட்டை தோளில் விழுந்தது. அந்தச் சத்தம் உறுமியையும் மீறிக் கேட்டது.

"யார் நீ?"

மறுபடியும் தன் பெயரையே சொன்னாள், அடையாள அட்டையில் இருக்கிறபடி, அப்பா பெயரும் சேர்த்து. இந்தமுறை முதுகில் விழுந்தது. ஈரச் சட்டையில் சிவப்பு ஊறியது. எனக்குப் பின்னால் ஒரு குரல், "பொல்லாத பேயா இருக்கு பாரேன், புள்ள பேரையே சொல்லுது!" என்றது. இன்னொரு குரல் ஆமாம் போட்டது. அட பாவிகளா, அது அவள் பெயர்தானே!

அடுத்த அடியில் அவள் முட்டி மடங்கியது. அவர் குனிந்து அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து மரத்தின் பக்கம் இழுத்தார். அப்போதும் அவள் தலையைத் திருப்பி அவர் கண்ணைத்தான் பார்த்தாள்.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. தோளைப் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தியின் வளையல் உடைந்து என் கையைக் கீறியிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். முதல் அடி என் முகத்தில் விழுந்தது, உதடு கிழிந்தது. இரண்டாவது அடிக்குச் சாட்டை வந்தபோது அதைக் கையில் சுற்றிப் பிடித்துவிட்டேன். உள்ளங்கை எரிந்தது. பிடித்து இழுத்தேன். பீர் குடித்த உடம்பு, தடுமாறி முட்டிபோட்டு விழுந்தார். சாட்டை என் கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பி அவர் தோளிலேயே இறக்கினேன், பிறகு இன்னொன்று. என் தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"போதும்டா! எம் புள்ளைய விடுடா!"

உறுமி நின்றது. பிறகு யாரோ ஒரு பெண் "தாயே!" என்று அலறினாள், குலவைச் சத்தம் எழுந்தது, உறுமிக்காரர் தாளத்தை மாற்றி அம்மன் அடியை அடிக்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேப்பிலைக் கொத்தை என் கையில் திணித்தார்கள், தலையில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள். எனக்கு வயதில் மூத்தவர்களெல்லாம் காலில் விழுந்தார்கள்.

அந்த 'டா'தான் காரணம். அடித்ததைக்கூட யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கட்டிய புருஷனை நாலு பேர் நடுவில் 'டா' என்று எந்தப் பெண்ணும் கூப்பிடமாட்டாள், கூப்பிட்டால் அது அவளாக இருக்காது, அம்மனாகத்தான் இருக்கும். இவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஒரு பெண் பயப்படாமல் பார்த்தால் பேய், பயப்படாமல் பேசினால் சாமி. எங்களுக்கென்று சொந்தமாகக் கொஞ்சம் தைரியம் இருக்கலாம் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து இந்தக் கதையிலும் அவரை 'அவர்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேனே, எனக்கும் பழக்கம் போகவில்லைதான்.

அவரும் நம்பினார், அதுதான் வேடிக்கை. நெற்றி மண்ணில் பட விழுந்து, "தாயே, தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிரு" என்று அழுதார். பூசாரி கற்பூரத் தட்டோடு என் முன்னால் வந்து, "வந்திருக்கிறது யாரு தாயே? மாரியா, காளியா? சொல்லு, என்ன வேணும்னாலும் செய்யுறோம்" என்றார்.

என்ன வேணும்னாலும்! ஒரு வார்த்தை போதும். மாரி வந்திருக்கிறேன், இந்தப் பிள்ளைமேல் கை வைத்தால் கண்ணைப் பிடுங்குவேன் என்றால் முடிந்தது. அவரே சாட்டையைத் தீயில் போட்டிருப்பார். வாராவாரம் எனக்கு மாலை விழும், பட்டுப்புடவை வரும். வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், 'மா' என்ற எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது.

அப்போது என் மகளைப் பார்த்தேன். மரத்தில் சாய்ந்து, கிழிந்த சட்டையோடு, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கை நடுங்கியது. சாட்டையைப் பார்த்து நடுங்காத பெண், அப்பாவைப் பார்த்து இமைக்காத பெண், என்னைப் பார்த்துப் பயந்தாள். என் கையில் அந்தச் சாட்டை இருந்தது.

அதைக் கீழே போட்டேன்.

"சாமி இல்ல" என்றேன். "நான்தான். இவளோட அம்மா."

பூசாரிக்கு விளங்கவில்லை. "தாயே..." என்று இழுத்தார்.

"தாயே இல்லீங்க. நான்தான் அடிச்சேன். நான்தான் டா போட்டேன்."

குலவை நின்றது. "ஐயையோ" என்று ஒரு குரல். என் காலைத் தொட்டுக்கொண்டிருந்த பெண் கையை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் மண்ணிலிருந்து நிமிர்ந்தார். அந்த முகத்தில் முனி இல்லை, அது எப்போதோ மலையேறியாயிற்று. எங்கள் அடுப்படியில் நான் தினமும் பார்க்கிற முகம், அதை இப்போதுதான் முதல்தடவையாகக் கோயிலே பார்த்தது.

முதல் குத்து வாயில் விழுந்தது, பல் ஒன்று ஆடியது. கீழே விழுந்ததும் உதைத்தார், விலா, இடுப்பு, மறுபடியும் விலா. "எல்லார் முன்னாலயும் டா போடுறியா? ஆம்பளைய அடிக்கிறியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் உதை. பயம் போய்விட்டது, வீராங்கனை ஆகிவிட்டேன் என்றெல்லாம் கதை விடமாட்டேன். பயம் இருந்தது. ஒன்றுக்குப் போய்விட்டேன், அவ்வளவு பயம். ஆனால் அந்தப் பயத்தோடேயே எழுந்திருக்க முடியும் என்று உடம்புக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மரத்தைப் பிடித்து எழுந்தேன். என் மகளுக்கு முன்னால் போய் நின்று, அவள் பார்த்தாளே, அதே மாதிரி அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் மறுபடியும் கையை ஓங்கினார்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு அக்கா. எங்களுக்குக் குறுக்கே நின்று, "இப்ப யாருடா அடிக்கிறது? முனியா, நீயா?" என்று கத்தினார். உறுமிக்காரர் உறுமியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிவந்து என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார். பூசாரி அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளி, "சாமி இல்லாத கையாலே என் கோயில்ல அடிக்காதே" என்றார். சாமி இருந்த கையால் அடித்தபோது எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, வாயில் ரத்தம் இருந்தது.

அக்கா தன் காடியின் பின்சீட்டில் எங்களை ஏற்றி முதலில் போலீசுக்கு, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீதிமன்றம், தடை உத்தரவு, வீட்டுக்காரர் பிறையில் தனியாக அறை எடுத்துக்கொண்டது. சிலர் இன்றும் என்னைத் திட்டுகிறார்கள். "சாமின்னே சொல்லியிருந்தா குடும்பம் பொழச்சிருக்குமே, அவசரப்பட்டுட்டியே" என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னவர்கள் உண்டு. மற்றவர்கள் சாமி இல்லை என்று நான் சொன்னதே சாமி சொன்னதுதான் என்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

கொஞ்ச நாள் கழித்து, ஒரு விடுமுறை மதியத்தில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நான் அந்தக் கோயிலுக்குத் தனியாகப் போனேன். முனி முன்னால் நின்று கும்பிடப் பார்த்தேன். வரவில்லை. பயத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் என் பக்தியில் ஒன்றுமே மிச்சமில்லை. இத்தனை வருஷ விரதம், விளக்கு, முருகா எல்லாம் அதோடு போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், எனக்கு அடி விழுந்ததைவிட அது வலித்தது. இப்போதும் போகிறேன். கேட்பதற்கு ஒன்றும் கொண்டுபோவதில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன், சில நாள் மனசு அடங்குகிறது, சில நாள் கொசுக்கடிதான் மிச்சம். ஆனால் போகிற கால் நடுங்குவதில்லை. இதுதான் பக்தி என்றால் நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவு பெஞ்சில், எங்கள் முறைக்காக நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். அவள் முதுகு பெஞ்சில் படக்கூடாது என்று முன்னால் குனிந்திருந்தாள். நான் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏம்மா, சாமின்னே சொல்லியிருந்தா உங்கள அடிச்சிருக்க மாட்டார்ல?"

"மாட்டாரு."

"அப்புறம் ஏம்மா?"

"நான் சாமியாயிட்டா, உனக்கு அம்மா யாருடி?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதடு கோணியது. சாட்டைக்கு அழாத என் மகள், போலீசில் அழாத என் மகள், என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்த வராண்டா முழுக்கக் கேட்கும்படி ஓவென்று அழுதாள்.